தொப்பியில் செருகிய அட்டைத் துண்டு

‘அலாமோ’ என்ற பெயர் நம்மில் மூத்த தலைமுறையினருக்குப் பழக்கமானது. 1960ஆம் ஆண்டில் ஜான் வெய்ன் தாமே இயக்கி நடித்த படம் அது. பழைய கோட்டை ஒன்று, அதற்குள் ஒரு சிறு கூட்டம், வெளியே பெரும்படை. சரணடைய மறுத்தவர்கள் கடைசி ஆள் வரை போராடி மடிகிறார்கள். படம் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள்.

அந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அது அமெரிக்கா நடத்திய போர் அல்ல. சண்டை நடந்த 1836ஆம் ஆண்டில் டெக்சஸ், மெக்சிகோ நாட்டின் வடகோடி எல்லைப்புறமாக இருந்தது. அந்த எல்லைப்புறம் தாய்நாட்டிலிருந்து பிரிந்துபோக நடத்திய போரின் ஒரு பகுதியே அலாமோ. அப்படிப் பிரிந்துபோனவர்களின் பக்கம் நின்று சண்டை போட்டவர்களில் அந்த மண்ணிலேயே பிறந்த, ஸ்பானிஷ் மொழி பேசிய மெக்சிகோக்காரர்களும் இருந்தார்கள். அவர்களைத் ‘தெஹானோ’ என்பார்கள்.

அவர்களுள் ஒருவர் ஹுவான் செகீன். 1806ஆம் ஆண்டில் சான் அன்டோனியோ நகரில் பிறந்தவர். டெக்சஸ் விடுதலைப் போரின் தொடக்கம் முதல் வெற்றி வரை உடனிருந்தவர். வெற்றி கிடைத்து ஆறே ஆண்டுகளில் அதே நகரிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடியவர். இந்த வாரம் அவருடைய கதையைப் பார்ப்போம். ஒரு விடுதலைப் போரை எப்படி எடைபோட வேண்டும் என்பதற்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஆள் தேடிய எல்லைப்புறம்

பதினோரு ஆண்டுகள் போராடி, 1821ஆம் ஆண்டில் ஸ்பெயினிடமிருந்து மெக்சிகோ விடுதலை பெற்றது. கையில் பெரிய நாடு, கஜானாவில் பணமில்லை. வடக்கே டெக்சஸ் பரந்து கிடந்தது. ஆனால் சான் அன்டோனியோ, கோலியாட், நாகோடோச்சஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களே அங்கே இருந்தன. கோமாஞ்சி பூர்வகுடியினரின் குதிரைப்படைத் தாக்குதலுக்குப் பயந்து அங்கே குடியேற மெக்சிகோ மக்கள் முன்வரவில்லை. எல்லையில் ஆள் இல்லையென்றால் நிலம் கைவிட்டுப் போகும். ஆகவே வெளியாரை அழைத்துக் குடியமர்த்த முடிவு செய்தது அரசு.

அந்த அழைப்பை முதலில் பயன்படுத்திக்கொண்டவர் அமெரிக்கரான ஸ்டீபன் ஆஸ்டின். இன்றைய டெக்சஸ் தலைநகருக்கு இருப்பது இவர் பெயர்தான். ஸ்பெயின் ஆட்சியின் கடைசி மாதங்களில் இவருடைய தந்தை மோசஸ் ஆஸ்டின் குடியேற்ற அனுமதியை வாங்கிவிட்டு, அதே 1821ஆம் ஆண்டில் இறந்துபோனார். மகன் வேலையைத் தொடர்ந்தார். அவரை எதிர்கொண்டு சான் அன்டோனியோவுக்கு அழைத்து வந்தவர்களில் ஒருவர் எராஸ்மோ செகீன். நம் கதாநாயகன் ஹுவான் செகீனின் தந்தை. இரு குடும்பங்களுக்கும் இடையே நல்ல நட்பு மலர்ந்தது.

ஆஸ்டின் அழைத்து வந்த முதல் 300 குடும்பங்களுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். மாடு வளர்க்கும் குடும்பத்துக்கு 4,428 ஏக்கர். கட்டணம் மிகச் சொற்பம், அதையும் தவணையில் கட்டலாம். அதே காலத்தில் அமெரிக்காவில் அரசு நிலம் வாங்க வேண்டுமானால் ஏக்கருக்கு 1.25 டாலர் வீதம் ரொக்கமாக வைக்க வேண்டும், குறைந்தது 80 ஏக்கர் வாங்க வேண்டும். 1819ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கடனாளிகளாகிப்போன ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு டெக்சஸ் சொர்க்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

மெக்சிகோ அரசு விதித்த நிபந்தனைகள் முக்கியமாக இரண்டு. மெக்சிகோ குடிமகனாக உறுதிமொழி எடுக்க வேண்டும். கத்தோலிக்க சமயத்தை ஏற்க வேண்டும். வந்தவர்கள் இரண்டுக்கும் தலையாட்டினார்கள். நடைமுறையில் பலருக்கு இரண்டுமே காகிதத்தோடு சரி.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பருத்தி பயிரிட வந்தவர்கள். பருத்திக் காட்டில் வேலை செய்யக் கறுப்பின அடிமைகளையும் கூடவே கொண்டு வந்தார்கள். மெக்சிகோவோ அடிமை முறையைப் படிப்படியாக ஒழித்துக்கொண்டிருந்தது. டெக்சஸ் அடங்கியிருந்த கோவாகுய்லா-டெக்சஸ் மாநிலத்தின் 1827ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், இனி யாரும் அடிமையாகப் பிறக்க முடியாது என்றது. குடியேறிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். அடிமைகளை 99 ஆண்டு ஒப்பந்தக் கூலிகள் என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். 99 ஆண்டு ஒப்பந்தத்தை முடித்துவிட்டு விடுதலையாகப் போகும் மனிதன் எங்கே இருக்கிறான்? பெயர் மாறியது, விலங்கு மாறவில்லை.

1829 செப்டம்பரில் அதிபர் விசென்டே குரேரோ, நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டார். டெக்சஸ் கொதித்தது. சில மாதங்களிலேயே டெக்சசுக்கு மட்டும் விதிவிலக்கு தரப்பட்டது. அடுத்த 1830 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து புதிதாக யாரும் குடியேறக்கூடாது என்று தடைச்சட்டம் வந்தது. ஆனால் நீண்ட எல்லைக்குக் காவல் ஏது? கள்ளத்தனமாக எல்லை தாண்டி வந்துகொண்டே இருந்தார்கள். ஆம், அந்நாளில் அனுமதியின்றி எல்லை தாண்டியவர்கள் அமெரிக்கர்கள், தடுக்க முடியாமல் தவித்தது மெக்சிகோ.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தெஹானோ தலைவர்கள் இந்தக் குடியேறிகளை வெறுக்கவில்லை. அவர்கள் வந்த பிறகுதான் வணிகம் பெருகியது. நிலத்துக்கு விலை ஏறியது. 1830ஆம் ஆண்டுத் தடைச்சட்டத்தை நீக்கக் கோரி 1832ஆம் ஆண்டு டிசம்பரில் சான் அன்டோனியோ நகர மன்றமே மனு எழுதியது. வந்தவர்களும் இருந்தவர்களும் சேர்ந்தே வளரலாம் என்று செகீன் குடும்பம் போன்றவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள்.

எதற்காகத் தொடங்கிய சண்டை?

தளபதி சாண்டா அனா 1833ஆம் ஆண்டில் மாநில உரிமைகளின் காவலராக அதிபர் பதவிக்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில் தலைகீழாக மாறினார். மாநிலங்களுக்கு உரிமை தந்திருந்த 1824ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் ஓரங்கட்டப்பட்டது. மாநிலச் சட்டமன்றங்கள் கலைக்கப்பட்டன. அதிகாரமெல்லாம் தலைநகருக்குப் போனது. எதிர்த்து நின்ற சக்கடேகாஸ் மாநிலத்தை 1835 மே மாதம் படை கொண்டு நசுக்கி, நகரைச் சூறையாட விட்டார். டெக்சஸ் குறைகளைச் சொல்ல மெக்சிகோ நகருக்குப் போன ஆஸ்டினோ, விசாரணை கூட இல்லாமல் பல மாதங்கள் சிறையில் கிடந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

ஆகவே சாண்டா அனாவை எதிர்க்கக் காரணம் இருந்தது. அது ஆங்கிலம் பேசியவர்களுக்கு மட்டும் உரிய காரணமும் அல்ல. 1824ஆம் ஆண்டு அரசமைப்பை எழுதிய மன்றத்தில் டெக்சசின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர் எராஸ்மோ செகீன். தந்தை உழைத்து உருவான சட்டத்தை ஒரு தளபதி கிழித்துப் போடுகிறார். மகன் ஹுவான் செகீன் வாளை எடுத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1835 அக்டோபர் 2ஆம் தேதி கொன்சாலஸ் என்ற சிற்றூரில் முதல் குண்டு வெடித்தது. பூர்வகுடியினரின் தாக்குதலைச் சமாளிக்க 1831ஆம் ஆண்டில் அரசே அந்த ஊருக்கு ஒரு சிறு பீரங்கி கொடுத்திருந்தது. அதைத் திருப்பிக் கேட்டு ராணுவம் வந்தது. ஊர்க்காரர்கள் “வந்து எடுத்துப் பார்” என்று கொடி எழுதிப் பிடித்தார்கள். சண்டை மூண்டது. அந்த மாதமே ஆஸ்டின், ஹுவான் செகீனைப் படைத்தலைவராக நியமித்தார். செகீன் தெஹானோ குதிரை வீரர்களைத் திரட்டினார். வழி தெரிந்தவர்கள், உளவு பார்க்கத் தெரிந்தவர்கள், மாடும் தானியமும் எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்கள் அவர்கள்தாம். டிசம்பருக்குள் சான் அன்டோனியோவிலிருந்த மெக்சிகோ படை தோற்று, ஊரைவிட்டு வெளியேறியது.

இந்த இடத்தில் ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1835 நவம்பர் 7. அன்று கூடிய டெக்சஸ் பிரதிநிதிகள் மன்றம், தாங்கள் ஆயுதம் ஏந்தியது 1824ஆம் ஆண்டு அரசமைப்பைக் காப்பதற்காகவே என்று பிரகடனம் செய்தது. அதாவது மெக்சிகோவுக்குள் இருந்துகொண்டே மாநில உரிமை. பிரிவினை அல்ல.

நான்கே மாதங்களில் நோக்கம் மாறிவிட்டது. சண்டை என்றதும் அமெரிக்காவிலிருந்து தொண்டர் படைகள் வந்து குவிந்தன. சண்டை போட்டால் நிலம் கிடைக்கும் என்று வந்தவர்களுக்கு மெக்சிகோவின் அரசமைப்புச் சட்டத்தைப் பற்றி என்ன கவலை? 1836 மார்ச் 2ஆம் தேதி, பிராசோஸ் ஆற்றங்கரையில் வாஷிங்டன் என்ற ஊரில் கூடியவர்கள் டெக்சஸ் தனிநாடு என்று அறிவித்தார்கள். கையெழுத்திட்ட சுமார் 60 பேரில் டெக்சஸ் மண்ணில் பிறந்தவர்கள் இரண்டே இரண்டு பேர். ஹோசே அன்டோனியோ நவாரோ, ஹோசே பிரான்சிஸ்கோ ரூயிஸ் என்ற இரு தெஹானோக்கள். மெக்சிகோவின் யுக்கடானில் பிறந்த லோரென்சோ டி சவாலா மூன்றாவது மெக்சிகோக்காரர். மற்றவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து வந்தவர்கள். பலர் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

பதின்மூன்று நாள், பதினெட்டு நிமிடம்

அந்த அறிவிப்பு வெளியான நாளில் அலாமோ முற்றுகைக்குள் இருந்தது. பிப்ரவரி 23ஆம் தேதி சாண்டா அனா பெரும்படையுடன் வந்து சூழ்ந்திருந்தார். உள்ளே வில்லியம் டிராவிஸ், ஜேம்ஸ் போவி, டேவி கிராக்கெட் உள்ளிட்ட சுமார் 200 பேர். செகீனும் உள்ளேதான் இருந்தார். உதவி கேட்டு வெளியே ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. எதிரியின் காவலைத் தாண்ட ஸ்பானிஷ் பேச வேண்டும், இருட்டிலும் வழி தெரிய வேண்டும். செகீன் அனுப்பப்பட்டார். அதனால் பிழைத்தார். மார்ச் 6ஆம் தேதி விடியலில் கோட்டை விழுந்தது. போராடிய அனைவரும் மடிந்தார்கள். உடல்களை அடுக்கித் தீ வைக்க உத்தரவிட்டார் சாண்டா அனா.

ஓர் உடல் மட்டும் அந்தத் தீக்குத் தப்பியது. கோட்டைக்குள் மடிந்த தெஹானோ வீரர் கிரெகோரியோ எஸ்பார்சாவின் தம்பி பிரான்சிஸ்கோ, மெக்சிகோ படையின் பக்கம் இருந்தவர். அண்ணனின் உடலைத் தேடி எடுத்து அடக்கம் செய்ய அவர் அனுமதி வாங்கினார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் நின்ற போர் அது.

மூன்று வாரம் கழித்து, மார்ச் 27ஆம் தேதி, கோலியாடில் சரணடைந்திருந்த 300க்கும் மேற்பட்ட கைதிகளைச் சுட்டுக் கொல்ல வைத்தார் சாண்டா அனா. ஆயுதத்தோடு வரும் வெளிநாட்டார் கடற்கொள்ளையருக்குச் சமம் என்ற முந்தைய ஆணையை அதற்குக் காரணம் காட்டினார். டெக்சஸ் முழுதும் பீதி பரவியது. குடும்பம் குடும்பமாக மழையிலும் சேற்றிலும் கிழக்கு நோக்கி ஓடினார்கள். பின்வாங்கிய படைக்குப் பின்காவலாக நின்றது செகீனின் தெஹானோ அணி.

ஏப்ரல் 21ஆம் தேதி பிற்பகல். சான் ஹசின்டோ ஆற்றோரம் சாண்டா அனாவின் படை ஓய்வில் இருந்தது. சாம் ஹியூஸ்டன் தலைமையில் சுமார் 900 பேர் தாக்கத் தயாரானார்கள். அப்போது ஹியூஸ்டனுக்கு ஒரு தயக்கம். செகீனின் ஆட்கள் முகத்தாலும் மொழியாலும் மெக்சிகோக்காரர்கள். சண்டையின் நடுவில் நம் ஆட்களே அவர்களைச் சுட்டுவிட்டால்? பின்னால் மூட்டை முடிச்சுகளைக் காவல் காக்கட்டும் என்றார். செகீன் மறுத்தார். எங்கள் ஊர் எதிரியின் கையில் இருக்கிறது, நாங்களும் முன்னால்தான் நிற்போம் என்பது அவர் வாதம். கடைசியில் ஒரு வழி கண்டார்கள். தெஹானோ வீரர்கள் ஒவ்வொருவரும் தொப்பியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டார்கள். அட்டை இருந்தால் நம் ஆள், இல்லையென்றால் எதிரி.

சண்டை 18 நிமிடத்தில் முடிந்தது என்பார்கள். கொலை அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கையைத் தூக்கியவர்களையும் ஆற்றில் இறங்கித் தப்ப முயன்றவர்களையும் விடவில்லை. மெக்சிகோ தரப்பில் 600க்கும் அதிகமானோர் மாண்டனர். டெக்சஸ் தரப்பில் இழப்பு ஒன்பது பேர். மறுநாள் சாதாரண சிப்பாய் உடையில் ஒளிந்திருந்த சாண்டா அனா பிடிபட்டார். மே மாதம் வெலாஸ்கோவில் உடன்படிக்கை எழுதிக் கொடுத்தார். கைதியின் கையெழுத்து செல்லாது என்று மெக்சிகோ அரசு அதை ஏற்க மறுத்தது. ஆனாலும் டெக்சஸ் தனிநாடாகிவிட்டது.

சட்டம் எழுதியவர்கள்

அந்தத் தனிநாட்டின் அரசமைப்புச் சட்டம் மார்ச் மாதமே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அதைப் படித்தால் இந்தப் போர் யாருடைய விடுதலைக்கு என்பது விளங்கும்.

டெக்சசில் இருக்கும் அடிமைகள் அடிமைகளாகவே இருப்பார்கள். அவர்களை விடுவிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது. அடிமையை விடுவிக்க உரிமையாளரே விரும்பினாலும், நாட்டைவிட்டு வெளியே அனுப்பாமல், நாடாளுமன்றத்தின் அனுமதியின்றி விடுவிக்க முடியாது. அடிமையல்லாத கறுப்பர்கள் நாடாளுமன்றத்தின் அனுமதியின்றி அங்கே குடியிருக்க முடியாது. ஆப்பிரிக்கருக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் பூர்வகுடியினருக்கும் குடியுரிமை இல்லை. மெக்சிகோவின் ஆட்சியில் ஒளித்தும் மறைத்தும் 99 ஆண்டு ஒப்பந்தமென்று எழுதிக்கொண்டதை, சொந்த நாட்டில் வெளிப்படையாகச் சட்டமாகவே எழுதிக்கொண்டார்கள்.

கிரீன்பரி லோகன் என்ற கறுப்பின மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கொல்லர். அடிமையல்ல. 1831ஆம் ஆண்டில் டெக்சசுக்கு வந்து மெக்சிகோ ஆட்சியில் நிலமும் குடியுரிமையும் பெற்றவர். 1835 டிசம்பரில் சான் அன்டோனியோவைப் பிடித்த சண்டையில் தோளில் குண்டு பாய்ந்து, வாழ்நாள் முழுவதற்கும் கை முடங்கிப் போனவர். வெற்றிக்குப் பிறகு, தானும் மனைவியும் அந்த நாட்டில் தொடர்ந்து வசிக்க அனுமதி கேட்டு மனுப்போட வேண்டிய நிலை அவருக்கு. எந்த அரசு உருவாக ரத்தம் சிந்தினாரோ அந்த அரசு, நீ இங்கே இருக்கலாமா என்று கேட்டது. எந்த அரசை எதிர்த்துச் சுட்டாரோ அந்த அரசு அவரைக் குடிமகனாக ஏற்றிருந்தது.

செரோக்கி பூர்வகுடியினரின் கதையும் அதுதான். போரில் ஒதுங்கி நிற்கட்டும் என்று 1836 பிப்ரவரியில் ஹியூஸ்டனே அவர்களோடு உடன்படிக்கை செய்து, நிலம் உங்களுக்கே என்று உறுதி கொடுத்தார். அவர்களும் வாக்குக் காத்தார்கள். வெற்றிக்குப் பிறகு டெக்சஸ் செனட் அதை ஏற்க மறுத்தது. 1839 ஜூலையில் படை வந்து அவர்களை விரட்டியது. முதிய தலைவர் டுவாலி போர்க்களத்தில் கொல்லப்பட்டார்.

நகரத் தந்தை ஓடிய கதை

தெஹானோக்களுக்குச் சட்டப்படி குடியுரிமை இருந்தது. அதனால் அவர்களுக்கு நேர்ந்தது மெதுவாக நேர்ந்தது.

செகீனுக்குத் தொடக்கத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. சான் அன்டோனியோவின் படைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1837 பிப்ரவரியில் அலாமோவில் எரிக்கப்பட்டவர்களின் சாம்பலைத் திரட்டி, ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தவர் அவரே. அதே ஆண்டு செனட்டுக்குத் தேர்வு பெற்றார். அங்கே ஆங்கிலம் தெரியாமல், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே தெஹானோ அவர். சட்டங்களை ஸ்பானிஷ் மொழியிலும் அச்சிட்டுக் கொடுங்கள் என்று அவர் வாதாடினார். நியாயமான கோரிக்கை. புரியாத மொழியில் எழுதிய சட்டத்தை ஒருவன் எப்படிக் கடைப்பிடிப்பான்? 1839ஆம் ஆண்டில் வால்நட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு அவரைப் பெருமைப்படுத்தும் வகையில் ‘செகீன்’ என்று பெயர் சூட்டினார்கள்.

ஆனால் ஊருக்குள் காற்று மாறிக்கொண்டிருந்தது. போருக்குப் பிறகு வந்து இறங்கிய புதியவர்களுக்கு செகீன் யார், என்ன செய்தார் என்பதெல்லாம் தெரியாது. அவர்கள் பார்த்தது முகத்தை. ஸ்பானிஷ் பேசுகிறானா, அப்படியானால் மெக்சிகோவின் ஆள். விக்டோரியா நகரை நிறுவிய டி லியோன் குடும்பம் போருக்குப் பணமும் பொருளும் கொடுத்து உதவியது. 1836ஆம் ஆண்டிலேயே அந்தக் குடும்பத்தை விரட்டிவிட்டார்கள். பல ஊர்களில் தெஹானோ நிலங்கள் மிரட்டலாலும் பத்திரச் சிக்கலாலும் கைமாறின.

1841ஆம் ஆண்டில் செகீன் சான் அன்டோனியோவின் மேயரானார். புதியவர்கள் தெஹானோ குடும்பங்களைத் தொல்லை செய்தபோது அவர்களுக்காகப் பேசினார். அது பலருக்குப் பிடிக்கவில்லை. 1842 மார்ச்சில் மெக்சிகோ படை ஒன்று திடீரென்று சான் அன்டோனியோவுக்குள் நுழைந்துவிட்டுப் போனது. அதன் தளபதி, செகீன் இன்னும் மெக்சிகோவின் விசுவாசிதான் என்று பேச்சைப் பரப்பிவிட்டார். காத்திருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. துப்பாக்கியோடு ஆட்கள் தேடி அலைந்தார்கள். ஏப்ரல் 18ஆம் தேதி மேயர் பதவியிலிருந்து விலகி, குடும்பத்தோடு மெக்சிகோவுக்குத் தப்பிப் போனார். எந்த எதிரியோடு சண்டை போட்டாரோ அந்த எதிரியின் நாட்டுக்கு.

அங்கே அவருக்கு வரவேற்பா கிடைக்கும்? கைது செய்தார்கள். சிறையா, படையில் சேர்கிறாயா என்று கேட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மெக்சிகோ படை மறுபடியும் சான் அன்டோனியோவைப் பிடித்தபோது, அந்தப் படையோடு செகீனும் வந்தார். பார்த்தீர்களா, துரோகிதானே என்று டெக்சஸ் சொன்னது. துரத்தியது யார் என்று அது தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

1848ஆம் ஆண்டில் எல்லாம் ஓய்ந்த பிறகு செகீன் டெக்சசுக்குத் திரும்பினார். 1858ஆம் ஆண்டில் தம்மீதான பழிக்குப் பதிலாக ஒரு நினைவுக் குறிப்பை அச்சிட்டு வெளியிட்டார். பின்னாளில் எல்லைக்கு அப்பால் நுவேவோ லரேடோவில் மகன் வீட்டுக்குப் போய், 1890ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற மேயர் நாற்காலியில் இன்னொரு மெக்சிகோ வம்சாவளியினரான ஹென்றி சிஸ்னேரோஸ் வந்து உட்கார்ந்தது 1981ஆம் ஆண்டில். இடையில் ஏறக்குறைய 140 ஆண்டுகள்.

எடைபோட ஒரு தராசு

சாண்டா அனா கொடுங்கோலர் என்பதில் ஐயமில்லை. அவரை எதிர்த்தவர்கள் எல்லாரும் அடிமை வணிகர்கள் என்று சொல்வதும் தவறு. மாநில உரிமைக்காக நின்றவர்கள், நிலத்துக்காக நின்றவர்கள், அடிமைகளைக் காப்பாற்றிக்கொள்ள நின்றவர்கள், இப்படிப் பலரும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். போர் நடக்கும்வரை இந்த வேறுபாடு வெளியே தெரியாது. பொது எதிரி ஒருவன் இருக்கும்போது எல்லாரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். எதிரி போன மறுநாள்தான் யாருக்கு என்ன வேண்டும் என்பது வெளிவரும்.

டெக்சசில் என்ன வெளிவந்தது? 1836ஆம் ஆண்டில் அங்கே இருந்த அடிமைகள் சுமார் 5,000 பேர். 1845ஆம் ஆண்டில் டெக்சஸ் அமெரிக்காவோடு இணைந்தது. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடிமைகளின் எண்ணிக்கை 1,82,000ஐத் தாண்டியிருந்தது. அவர்களுக்கு விடுதலை என்று கால்வெஸ்டனில் அறிவிப்பு வாசிக்கப்பட்டது 1865 ஜூன் 19ஆம் தேதி. மெக்சிகோ அதிபர் குரேரோவின் ஆணை டெக்சசில் நின்றிருந்தால் 36 ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய விடுதலை அது. இடைப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கான அடிமைகள் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து தெற்கே ஓடினார்கள். எந்த நாட்டின் கொடுங்கோன்மையிலிருந்து டெக்சஸ் விடுபட்டதாகச் சொல்லிக்கொண்டதோ, அந்த நாடே அவர்களுக்குப் புகலிடமாக இருந்தது.

ஆகவே எந்த நாட்டின் விடுதலைப் போரைப் பற்றிப் படித்தாலும், போர்க்களத்துக் கதையோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. வென்ற பிறகு எழுதிய சட்டத்தையும் ஒருமுறை புரட்ட வேண்டும். அதில் யாருக்கு இடம் இருக்கிறது, தோளோடு தோள் நின்றவர்களில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது, எந்த மொழியில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வீரத்தைப் போர்க்களம் காட்டும். நியாயத்தைக் காட்டுவது அந்தச் சட்டப் புத்தகம்தான்.

சான் ஹசின்டோவில் செகீனின் ஆட்கள் தொப்பியில் செருகிய அட்டை ஒரு மாலைப் பொழுதுக்கு உதவியது. அதற்குப் பிறகு அவர்கள் ‘நம் ஆள்’ என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை. 1839ஆம் ஆண்டில் அவர் பெயரைச் சூடிக்கொண்ட ஊர், அவர் துரோகி என்று தூற்றப்பட்ட காலத்திலும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 1974ஆம் ஆண்டில், இறந்து 84 ஆண்டுகள் கழித்து, அவருடைய எலும்புகளை எல்லைக்கு அப்பாலிருந்து அந்த ஊருக்குக் கொண்டு வந்தார்கள். 1976 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்கா தன் இருநூறாவது சுதந்திர தினத்தைக் கொண்டாடிய நாளில், அரசு மரியாதையோடு அங்கே அடக்கம் செய்தார்கள்.